மில்டவுன் மால்பே டைரி: ஐரிஷ் ட்யூனுக்குப் பக்கவாத்தியமா ஒரு கிட்டார்

அயர்லாந்துக்கு வந்து ஆறு வருஷம் ஆச்சு. டப்ளின்ல வேலை, வீடு, பையன் ஸ்கூல்னு ஓடிட்டே இருந்ததுல இந்த நாட்டோட மேற்குப் பக்கத்தை நான் ஒழுங்கா பாத்ததே இல்ல. சின்ன வயசுல திருச்சியில சர்ச் கொயர்ல கிட்டார் வாசிச்சவ நான். இங்க வந்தப்புறம் பக்கத்துத் தெரு பப்ல வாராவாரம் நடக்கற ஐரிஷ் செஷனை, அதாவது வாத்தியக்காரங்க சுத்தி உக்காந்து சேந்து வாசிக்கறதை, கேட்டுக் கேட்டு ஒரு ஆசை வந்து, ஓரமா உக்காந்து வாசிக்க ஆரம்பிச்சு ரெண்டு வருஷம் ஆகுது. அங்க பிடில் வாசிக்கற பெரியவர் ஒருத்தர் "மேற்குல கிளேர் கவுண்டி பக்கம் போய் ஒரு வாரம் இருந்துட்டு வா, அப்பறம் பேசலாம்"னு சொல்லிட்டே இருந்தார். 2024 ஜூலைல அங்க இருக்கற மில்டவுன் மால்பேங்கற ஊருக்குக் கிளம்பிட்டேன், பையனைப் பாத்துக்க வீட்டுக்காரர் லீவு போட்டுட்டார். தினம் ராத்திரி ஃபோன்ல தட்டி வச்சதைத்தான் போடறேன், ரொம்பத் திருத்தல.

ஜூலை 5, வெள்ளி: எனிஸ், அப்பறம் மில்டவுன்

லிமெரிக்ல ட்ரெயின் மாறி எனிஸ் வந்து எறங்கினேன், கட்டிட்டு வந்த புளியோதரையை வழியிலயே முடிச்சாச்சு. எனிஸ்ல இருந்து மில்டவுன் போற பஸ் வரல. லேட்டும் இல்ல, வரவே இல்ல. ஸ்டாப்ல இருந்த போர்டுல நேரம் காட்டிட்டே இருந்துச்சு, திடீர்னு அந்த வரியே காணாமப் போச்சு. மழைன்னு சொல்ல முடியாத ஒரு தூறல், இங்க அதுக்கு "சாஃப்ட் டே"னு செல்லமா ஒரு பேரு, ஆனா முக்கால் மணி நேரம் நின்னா துணி மொத்தமும் நனைஞ்சுடும். கிட்டார் பைமேல என் ரெயின்கோட்டைப் போத்திட்டு நான் நனைஞ்சிட்டு நின்னேன்.

அப்ப ஒரு கார் நின்னுச்சு, உள்ள அறுபது வயசு இருக்கற ஒரு அம்மா, பின் சீட்டு முழுக்க ப்ரெட்டும் பால் டப்பாவும். கண்ணாடியை எறக்கிட்டு "வில்லி வீக்குக்குத்தானே, கிட்டாரைப் பின்னாடி போடு, முட்டை மேல வச்சிடாதே"ன்னாங்க, நான் யாரு எங்க இருந்து வர்றேன்னு கேக்கறதுக்கு முன்னாடியே. முப்பது கிலோமீட்டருக்கு மேல வழி. வழி பூரா அவங்க அம்மா கான்சர்டினா வாசிச்சதைப் பத்திப் பேசிட்டு வந்தாங்க. பெட்ரோலுக்குக் காசு நீட்டினேன், முகம் மாறிடுச்சு, சட்டுனு பர்ஸுக்குள்ள வச்சுட்டேன். நம்ம ஊர்ல சாப்பிட்டுட்டுக் காசு எவ்வளவுன்னு கேட்டா பெரியம்மாவுக்கு வருமே, அதே முகம்.

ரூம் ஒரு வீட்டு மாடியில, காலைச் சாப்பாட்டோட ஒரு நாளைக்கு 60 யூரோ. இந்த வாரத்துல இது கிடைச்சதே பெரிசு, நான் பிப்ரவரியிலயே சொல்லி வச்சது. ஊருன்னு பாத்தா ஒரு மெயின் ஸ்ட்ரீட்டும் ரெண்டு மூணு கிளைத் தெருவும்தான். தெருவுல வில்லி கிளான்சியோட சிலை இருக்கு. 1918ல இந்த ஊர்ப் பக்கம் பொறந்தவர், தொழில் தச்சு வேலை, வாசிச்சது இல்லியன் பைப்ஸ், அதாவது வாயால ஊதாம முழங்கைக்கு அடியில துருத்தியை அமுக்கி வாசிக்கற பைப். 1973 ஜனவரியில செத்துப்போனார். அந்த வருஷமே அவர் பேர்ல ஆரம்பிச்ச கோடைக்காலப் பள்ளிதான் இந்த வில்லி வீக், இப்பவும் வருஷா வருஷம் ஜூலை முதல் சனிக்கிழமை தொடங்குது. காலைல கிளாஸ், மத்தியானத்துல இருந்து எல்லா பப்லயும் செஷன், ராத்திரி கேலி, அதாவது பேண்டு வாசிக்க ஜனங்க ஜோடி ஜோடியா நின்னு செட்ங்கற ஆட்டம் ஆடறது.

ராத்திரி பத்து மணிக்கும் வெளிச்சம். ஜன்னலைத் திறந்து வச்சுட்டுப் படுத்தா எங்கயோ ஒரு ப்ளூட் கேக்குது.

ஜூலை 6, சனி: கிட்டாரைப் பையை விட்டு எடுக்கவே இல்ல

இன்னிக்கு ஊர் மொத்தமும் காவியும் நீலமும். கிளேர் டீமுக்கு ஹர்லிங்ல, அதாவது மட்டையும் பந்தும் வச்சு ஆடற ஐரிஷ் விளையாட்டுல, அரையிறுதி, டப்ளின்ல கில்கென்னியோட. மூணு மணி மேட்ச்சுக்காக ரெண்டரைக்கே எல்லா பப்லயும் பிடிலையெல்லாம் பெட்டிக்குள்ள வச்சுட்டு டிவி முன்னாடி கூடிட்டாங்க. ஹர்லிங் எனக்குப் பெரிசா புரியாது, ஆனாலும் ரெண்டு பாயின்ட்ல கிளேர் ஜெயிச்சப்ப பக்கத்துல நின்ன பாட்டி என்னைக் கட்டிப்பிடிச்சுட்டு அழுதாங்க, நானும் அழுதுட்டேன். அதுக்கப்பறம் ஆரம்பிச்ச செஷனுக்கு ஒரு வேகம் இருந்துச்சு பாருங்க, சுவரெல்லாம் ஆடற மாதிரி.

நான் போய் உக்காந்த எடத்துல ஏற்கனவே ரெண்டு கிட்டார். இங்க எழுதாத சட்டம் ஒண்ணு உண்டு, ஒரு செஷனுக்கு ஒரு கிட்டார். பிடில் அஞ்சு இருக்கலாம், ப்ளூட் நாலு இருக்கலாம், எல்லாரும் ஒரே மெட்டைத்தான் வாசிக்கறாங்க. ஆனா ரெண்டு கிட்டார் இருந்தா ரெண்டு பேரும் ஒரே நேரத்துல வேற வேற கார்ட், அதாவது மூணு நாலு ஸ்வரத்தைச் சேத்து அடிக்கறது, எடுப்பாங்க, ஒருத்தர் ஜி மேஜர் போடற எடத்துல இன்னொருத்தர் ஈ மைனர் போடுவார், தனித்தனியா ரெண்டும் சரிதான், சேந்து கேட்டா மெட்டுக்கு அடியில சேறு மாதிரி ஆயிடும். கச்சேரி மேடையில ரெண்டு மிருதங்கம் பேசி வச்சுக்காம வாசிச்சா எப்படி இருக்கும், அப்படி. அதனால கிட்டாரைப் பையோட சுவத்துல சாத்தி வச்சுட்டு மூணு மணி நேரம் கேட்டேன்.

ஒரு விஷயம் இன்னிக்குத்தான் சரியா கவனிச்சேன். ஒரு ட்யூன்னா பொதுவா எட்டு பார்ல (பார்னா நம்ம தாளத்துல ஆவர்த்தனம் மாதிரி) ஒரு பகுதி, அதை ரெண்டு தடவை, அப்பறம் இன்னொரு எட்டு பார், அதையும் ரெண்டு தடவை, ஆக 32 பார். அதை மூணு சுத்து வாசிச்சுட்டு நிக்காம அடுத்த ட்யூனுக்குப் போவாங்க, அங்க சுருதியும் மாறும் ஸ்கேலும் மாறும், யாரும் சொல்ல மாட்டாங்க. மெட்டு வாசிக்கறவங்களுக்குச் சொல்ல வேண்டியது இல்ல, முதல் ரெண்டு ஸ்வரத்துலயே என்ன ட்யூன்னு தெரிஞ்சிடும். கிட்டார்காரங்களுக்குத்தான் கஷ்டம். மூலையில கிட்டார் வாசிச்ச ஒரு பையன் மாறற எடத்துல கையை எடுத்துட்டுச் சும்மா இருந்தான், முழுசா எட்டு பார். அப்பறம் ஒரே ஒரு கார்டோட உள்ள வந்தான். அவசரப்படாம அப்படி இருக்க எவ்வளவு தைரியம் வேணும்.

நடுவுல எழுபத்தஞ்சு வயசு இருக்கற ஒருத்தர் கான்சர்டினா வாசிச்சார், கைக்கு அடங்கற ஆறுமூலைப் பெட்டி, இழுத்தா ஒரு ஸ்வரம் அமுக்கினா இன்னொரு ஸ்வரம். இந்தக் கிளேர் கவுண்டிக்கே அது ரொம்பச் சொந்தமான வாத்தியம். என் பையைப் பாத்துட்டு "வாசிப்பியா?"ன்னார். வாசிப்பேன்னேன். "யூ ஆர் கிராண்ட், அவசரமில்ல"ன்னு சொல்லிட்டுத் திரும்பிட்டார். அந்த ஊர் பாஷையில அதுக்கு இப்போதைக்கு வேண்டாம்னு அர்த்தம், எனக்குத் தெரியும். கொஞ்சம் மனசுக்குக் கஷ்டமா இருந்துச்சு, ஆனா அவர் சொன்னதுல தப்பு இல்ல.

டோஸ்ட் பண்ண ஹாம் சாண்ட்விச் 7 யூரோ, கூட சிப்ஸ். டீ 3 யூரோ, கேக்காமலே ரெண்டாவது கப் ஊத்தினாங்க.

ஜூலை 7, ஞாயிறு: ஒரு தைவதம்

காலைல ஸ்பானிஷ் பாயின்ட் கடற்கரைக்கு நடந்து போனேன். 1588ல ஸ்பெயின் படையோட கப்பலுங்க இந்தக் கரையில உடைஞ்சதாலதான் அந்தப் பேராம். காத்து ஆளைத் தள்ளுது. ஜூலை மாசம், நான் ஸ்வெட்டர் மேல ஸ்வெட்டர் போட்டிருக்கேன், குழந்தைங்க தண்ணில குதிச்சிட்டு இருக்குதுங்க.

மத்தியானம் ஒரு பப்ல மெதுவான செஷன், கத்துக்கறவங்களுக்கானது. அங்க கிட்டார் இல்ல, வாசிக்கலாமான்னு கேட்டுட்டு உக்காந்தேன். நாலஞ்சு ட்யூன் நல்லா போச்சு. அப்பறம் ஸ்வாலோடெயில் ஜிக் ஆரம்பிச்சாங்க. எனக்குத் தெரிஞ்ச ட்யூன், ஈ-யை ஆதாரமா வச்ச ஒரு மைனர் வாசனை. என் கை தானா ஈ மைனர், சி, ஜி, டின்னு போயிடுச்சு, கொயர்லயும் சினிமாப் பாட்டுலயும் ஆயிரம் தடவை போட்ட வரிசை. ரெண்டாவது சுத்துல எனக்கே என்னமோ உறுத்துச்சு. பக்கத்துல பிடில் வாசிச்ச அம்மா ஒண்ணும் சொல்லல, ட்யூன் முடிஞ்சப்புறம் மட்டும் என் பக்கம் சாய்ஞ்சு, "ஈ-யும் டி-யும் மட்டும் வச்சுப் பாரு, சி வேண்டாம்"னு மெதுவா சொன்னாங்க, மத்தவங்க காதுல விழாத மாதிரி. அந்த நாசூக்கை நான் மறக்க மாட்டேன்.

ரூமுக்கு வந்து யோசிச்சா அப்படியே நம்ம சங்கீதத்துல வச்சுப் புரிஞ்சுடுச்சு. இந்த ட்யூன் இருக்கறது டோரியன்ங்கற ஸ்கேல்ல, நம்ம கணக்குல கரகரப்ரியா. ஈ-யை ஸட்ஜமா வச்சா அதுல வர்ற தைவதம் சி ஷார்ப், சதுஸ்ருதி தைவதம். நான் போட்ட சி மேஜர் கார்டுல இருக்கறது வெறும் சி, சுத்த தைவதம், அது நடபைரவிக்கு உரியது. அதாவது ஒருத்தங்க கரகரப்ரியா பாடிட்டு இருக்கும்போது பக்கத்துல இருந்து நான் நடபைரவியோட தைவதத்தைப் புடிச்சு அமுக்கிட்டு இருந்திருக்கேன்! கர்நாடக சங்கீதம் நாலு வருஷம் கத்துக்கிட்டவளுக்கு இது காதுல விழாம இருந்திருக்கே, கார்ட்னா அது வேற உலகம்னு நானே ஒரு சுவர் கட்டி வச்சிருந்திருக்கேன்.

இந்த மெட்டுங்கள்ல பாதி நமக்கு அந்நியமே இல்ல. மேஜர் ட்யூன்னா சங்கராபரணம், மிக்ஸோலிடியன்னா ஹரிகாம்போதி. முத்துசுவாமி தீட்சிதர் அந்தக் காலத்துலயே வெள்ளைக்காரங்க பேண்டுல கேட்ட மெட்டுகளுக்கு சமஸ்கிருதத்துல சாகித்யம் எழுதி நோட்டுஸ்வரம்னு பண்ணி வச்சார், நான் சின்ன வயசுல பாடின "சந்ததம் பாஹிமாம்" இங்கிலாந்து ராஜா பாட்டு மெட்டுன்னு பெரியவளானப்புறம்தான் தெரிஞ்சுது. ராத்திரி படுத்துட்டே ட்யூன் ட்யூனா எது என்ன மேளம்னு கணக்குப் போட்டேன், தூக்கம் வரவே ரெண்டு மணி.

கிட்டாரையும் மாத்தினேன். சாதாரண ட்யூனிங்கை விட்டுட்டு டி, ஏ, டி, ஜி, ஏ, டின்னு ஆறு தந்தியையும் வச்சேன். டேவி கிரஹாம்னு ஒரு இங்கிலாந்துக் கிட்டார்காரர் 1960கள்ல கொண்டு வந்தது. 1970கள்ல மீஹால் ஓ டோனல் மாதிரி ஆளுங்க ஐரிஷ் ட்யூனுக்கு அதை வச்சு வாசிச்சு நிலைநாட்டினாங்க. இதுல மேஜரா மைனரான்னு முடிவு பண்ற அந்தக் காந்தாரத்தை வைக்காமலே கார்ட் புடிக்கலாம். ஸட்ஜமும் பஞ்சமமும் நின்னுட்டு இருக்கும், தம்பூரா மாதிரி, மெட்டு தனக்கு வேணுங்கற காந்தாரத்தை அதுவே எடுத்துக்கும்.

ஜூலை 8, திங்கள்: காலை வச்சுக் கத்துக்கிட்டது

காலைல பத்து மணிக்கு செட் டான்ஸ் கிளாஸ். கிட்டார் வாசிக்க வந்தவ எதுக்கு ஆடப் போறேன்னு வீட்டுக்காரர் ஃபோன்ல கேட்டார். அந்த டப்ளின் பெரியவர் சொன்னதுதான் காரணம், இதெல்லாம் ஆடறதுக்குப் பண்ண மெட்டு, ஆடிப் பாக்காம வாசிக்காதேன்னு சொல்லியிருந்தார்.

நாலு ஜோடி சதுரமா நிக்கணும், எட்டு பேர். இன்னிக்குச் சொல்லிக் குடுத்தது கலிடோனியன் செட், கிளேர்ல பெரும்பாலும் ரீலுக்கு, அதாவது எட்டு எண்ணிக்கை மெட்டுக்கு, ஆடறாங்க. சொல்லிக் குடுத்த அம்மாவுக்கு எழுபது தாண்டியிருக்கும், கறுப்புத் தோல் ஷூ, அடியில தேய்ஞ்சு பளபளன்னு. மேடையில பாக்கற மாதிரி காலைத் தூக்கி வீசறது இல்ல இது, பாதம் தரையை விட்டு விரல் அளவுகூட எழும்பாது. கீழயே தட்டிட்டு இருக்கும், அதை பேட்டரிங்ன்றாங்க. "தரையை விட்டுப் போகாதே, தரைதான் உனக்குத் தாளம்"னு சொல்லிட்டே இருந்தாங்க. அவங்க தனியா ஒரு எட்டு பார் ஆடிக் காட்டினப்ப நான் பாதத்தையே பாத்துட்டு இருந்தேன். தகதிமி தகஜொணுன்னு எட்டு எண்ணிக்கை, அதுல நான் கிட்டார்ல அழுத்தறது எப்பவும் ரெண்டு "த"-லயும். அவங்க காலோட கனம் விழுந்தது "தி"-லயும் "ஜொ"-லயும். விழுந்துட்டு உடனே அங்க இருந்து எழும்புது. அந்த எழும்பறதுக்கு இவங்க வச்சிருக்கற வார்த்தை லிஃப்ட். இது இருக்கா இல்லையான்னுதான் ஒரு வாசிப்பை எடை போடறாங்க.

ஜிக்குக்கும் இதே மாதிரி ஒண்ணு. ஜிக்னா தகிட தகிட, ஆறு எண்ணிக்கை. நான் இத்தனை நாளா பிக்கை, அதாவது தந்தியை மீட்டற சின்ன வில்லையை, கீழ மேல கீழ மேலன்னு மாத்தி மாத்தி அடிச்சிட்டு இருந்தேன். அப்படி அடிச்சா முதல் தகிட கீழ இறங்கற அடியில ஆரம்பிக்கும், ரெண்டாவது தகிட மேல ஏறற அடியில ஆரம்பிச்சுடும், அதோட "த" பலமில்லாம போயிடும். கீழ-மேல-கீழ, மறுபடி கீழ-மேல-கீழன்னு அடிக்கணும். ரெண்டு கீழ அடி அடுத்தடுத்து வர்ற எடத்துல கை தடுக்கும். சாயங்காலம் ரூம்ல தந்தியை உள்ளங்கையால அமுக்கிட்டு, கார்ட் இல்லாம அதை மட்டும் ஒரு மணி நேரம் அடிச்சேன். மணிக்கட்டு வலி தாங்கல.

மத்தியானம் சௌடர் சாப்பிட்டேன், மீனும் உருளைக்கிழங்கும் போட்ட கெட்டியான பால் சூப், கூட பிரவுன் ப்ரெட்டும் வெண்ணெயும், 11 யூரோ. நல்லா இருந்துச்சு, ஆனா மிளகுத்தூள் டப்பாவைக் காலி பண்ணிட்டேன். எதிர்ல உக்காந்த ஒருத்தர் அவங்க ஊர்ல அந்தக் காலத்துல வீட்டுச் சமையல்கட்டுலயே ராத்திரி பூரா ஆடுவாங்கன்னு சொன்னார். 1935ல பொது நடனக் கூடச் சட்டம்னு ஒண்ணு வந்துச்சு, லைசன்ஸ் இல்லாம ஆட்டம் வைக்கக் கூடாதுன்னு. கிராமத்துப் பாதிரியாருங்களும் போலீஸும் அதை வச்சு வீட்டு ஆட்டத்தையும் நிறுத்தினாங்க. இங்க பக்கத்துல இருந்த ஜூனியர் கிரெஹன்னு பெரிய பிடில்காரர், 1998 வரைக்கும் இருந்தவர், அதை நினைச்சு வருத்தப்பட்டுச் சொல்லிட்டே இருப்பாராம். ஆட்டம் வீட்டை விட்டுப் பெரிய ஹாலுக்குப் போச்சு, ஹாலுக்குச் சத்தம் வேணும்னு கேலி பேண்டுங்க பெருகிச்சு, பியானோவும் ட்ரம்ஸும் வந்துச்சு. என் கிட்டார் கணக்கா ஒரு பக்கவாத்தியம் உள்ள நுழைஞ்சதுக்கு இதுவும் ஒரு வழின்னு அவர் பேசப் பேசத்தான் எனக்குத் தோணுச்சு.

ஜூலை 9, செவ்வாய்: எல்லாம் கோணலா போன நாள்

காலைல இருந்து நிஜமான மழை. கிளாஸுக்குப் போற வழியில ஷூ உள்ள தண்ணி. மத்தியானம் செஷன்ல உக்காந்து ட்யூன் பண்ணும்போது நாலாவது தந்தி பட்டுனு அறுந்துச்சு, கன்னத்துல ஒரு கீறல். மாத்துத் தந்தி ரூம்ல. தெருவுல தற்காலிகமா போட்டிருந்த இசைக் கடையில ஒத்தைத் தந்தி கேட்டேன். அந்தக் கடைக்காரப் பையன் ஒரு செட்டைப் பிரிச்சு ஒண்ணை மட்டும் எடுத்துக் குடுத்து 2 யூரோ போதும்னான். திரும்பி வந்து பாத்தா கேப்போவை, அதாவது சுருதியை ஏத்த கிட்டார் கழுத்துல மாட்டற கிளிப்பை, காணோம். நல்ல கேப்போ, தம்பி வாங்கிக் குடுத்தது. நேத்து உக்காந்த பப், முந்தாநேத்து உக்காந்த பப் எல்லாத்துலயும் கேட்டுட்டு ஏமாந்து வந்தேன்.

மனசு சரியில்லாம ஒரு பப் பின் அறையில உக்காந்தேன், அங்க ஒரே ஒரு பைப்பர். நடுவயசுக்காரர், தனியா வாசிச்சிட்டு இருந்தார். இல்லியன் பைப்ஸ்ல மெட்டு வாசிக்கற குழலுக்குப் பக்கத்துல மூடின குழல் மூணு இருக்கும், ரெகுலேட்டர்னு பேரு, மணிக்கட்டோட ஓரத்தால அதோட சாவியைத் தட்டினா கார்ட் வரும். அவர் 32 பார்ல அதை ஒரு ஏழெட்டு தடவைதான் தட்டினார். மத்த நேரம் பூரா ட்ரோன், அதாவது தம்பூரா மாதிரி ஒரே ஸ்வரத்துல நிக்கற குழல், மட்டும் ஓடிட்டு இருந்துச்சு. தட்டின ஒவ்வொண்ணும் மெட்டு ஒரு படி ஏறி நிக்கற எடம். கிட்டார் வர்றதுக்கு முன்னாடியே இந்த ஊர்ல பக்கவாத்தியம் ஒருத்தர் மணிக்கட்டுல இருந்திருக்கு. அந்தக் கணக்கை அங்கயே என் நோட்டுல எழுதி வச்சுக்கிட்டேன், எந்த பார்ல தட்டினார்னு.

வாசிச்சு முடிச்சுட்டு அவர் என்கிட்ட நல்லா பேசினார். 1920கள்ல நியூயார்க்ல மைக்கேல் கோல்மன் மாதிரி பிடில் மேதைங்க ரெக்கார்டு குடுத்தப்ப கூட வாசிச்ச பியானோக்காரங்க நிறைய பேருக்கு ட்யூனே தெரியாது, அந்த ரெக்கார்டுல இன்னிக்கும் கேக்கலாம், மேல தேன், கீழ வேற எங்கயோ போற கார்டுன்னு சொல்லிட்டு, டெனிஸ் கேஹில் பேரைச் சொன்னார். சிகாகோவுல பொறந்த கிட்டார்காரர், மார்ட்டின் ஹேய்ஸோட பிடிலுக்கு வருஷக்கணக்கா வாசிச்சவர், 2022ல போயிட்டார். ஒரு பார் பூரா ரெண்டே ஸ்வரம் வச்சுட்டு விட்டுடுவார் அவர். "அந்த ஆள் என்ன வாசிக்கலைங்கறதை எழுதி வச்சுக்க"ன்னு பைப்பர் சொன்னப்ப அறையில வேற யாரும் இல்ல, வெளிய மழைச் சத்தம்தான்.

ராத்திரி ரூமுக்கு வந்து வீட்டுக்காரம்மாகிட்ட பருப்புப்பொடியும் நெய்யும் காட்டினேன், மைக்ரோவேவ்ல சோறு வச்சுக் குடுத்தாங்க. அவங்களும் ரெண்டு வாய் சாப்பிட்டாங்க, எலுமிச்சை ஊறுகாய்தான் ரொம்பப் பிடிச்சிருச்சு, அதை ப்ரெட்டுல வெண்ணெய் மேல தடவிச் சாப்பிட்டாங்க.

ஜூலை 10, புதன்: அடுப்புக்குப் பக்கத்து நாற்காலி

கேப்போ கிடைச்சிருச்சு! சனிக்கிழமை நான் கிட்டாரை எடுக்காமலே உக்காந்திருந்தேன் பாருங்க, அந்த பப். பையோட வெளி ஜிப்ல இருந்து விழுந்திருக்கணும். அங்க நான் வாசிக்காததால தேடவும் போகல. இன்னிக்குச் சும்மா டீ குடிக்கப் போனா, பாட்டில் அலமாரிக்குப் பக்கத்துல ஒரு ஆணியில மாட்டி வச்சிருக்காங்க, கூட ஒரு கண்ணாடி, ஒரு குழந்தைத் தொப்பி, ரெண்டு டின் விசில்.

இன்னிக்குச் சாயங்காலம் டான்ஸ் சொல்லிக் குடுக்கற அம்மா, ஊருக்கு வெளிய ஒரு வீட்டுல செட் ஆடப் போறோம் வர்றியான்னாங்க. கிட்டாரை எடுத்துட்டு வரலாமான்னு கேட்டேன். கொஞ்சம் யோசிச்சுட்டு "எடுத்துட்டு வா, அங்க வேற கிட்டார் இல்ல"ன்னாங்க.

பழைய வீடு. சமையல்கட்டுல தரை முழுக்க லிஸ்கேனர் கல், இந்தப் பக்கத்துக் கற்பலகை, மேல புழு ஊர்ந்த மாதிரி நெளிநெளியா கோடு. பல கோடி வருஷத்துக்கு முன்னாடி கடலுக்கு அடியில ஏதோ ஜீவன் ஊர்ந்த தடமாம், அதுக்கு மேலதான் ஆடறாங்க. அடுப்புக்கு முன்னாடி இருக்கற கல்லுக்கு அடியில அந்தக் காலத்துல குதிரை மண்டையோட்டைப் புதைப்பாங்க, ஆடும்போது சத்தம் நல்லா எழும்பும்னு, அப்படின்னு அந்த வீட்டுச் சொந்தக்காரர் சொன்னார். இந்த வீட்டுல இருக்கான்னு கேட்டதுக்குச் சிரிச்சுட்டுப் போயிட்டார். மேஜையை வாசல்ல தூக்கி வச்சாச்சு. ஒரு பக்கம் ஹாம், பிரவுன் ப்ரெட், ஆப்பிள் டார்ட், பெரிய கெட்டில்ல டீ. வாசிக்கறவங்க நாலு பேர்: பிடில் ரெண்டு, ப்ளூட் ஒண்ணு, அப்பறம் சனிக்கிழமை பாத்த அந்தக் கான்சர்டினாப் பெரியவர். அவருக்கு எடதுபக்கம் அடுப்போரமா ஒரு நாற்காலி இருந்துச்சு, அதுல உக்காரச் சொன்னாங்க.

முதல் ஃபிகருக்கு, அதாவது செட்டோட முதல் பகுதிக்கு, நான் கையை வைக்கவே இல்ல, கால்களையே பாத்தேன். எட்டு பேர், பதினாறு ஷூ, கல் மேல. "அரௌண்ட் தி ஹவுஸ்"னு ஒருத்தர் கத்தினதும் நாலு ஜோடியும் ஒரே நேரத்துல சுத்திட்டே எடம் மாறினாங்க, அந்தச் சின்ன அறையில ஒருத்தர் மேல ஒருத்தர் இடிக்கல. ரெண்டாவது ஃபிகர்ல உள்ள வந்தேன், டி-யும் ஏ-யும் மட்டும், காந்தாரம் இல்லாம, "தி"-லயும் "ஜொ"-லயும் லேசா ஒரு தள்ளு. முதல் தடவையா என் கை யாரோட காலையாவது பாத்து வாசிச்சுது. நீலச் சட்டை போட்ட ஒருத்தர், அறுபது வயசு இருக்கும், நல்ல கனமான உடம்பு, அவரோட வலது குதிகால் விழற எடத்தையே பிடிச்சுட்டுப் போனேன். அவர் பேட்டர் பண்ற எட்டு பார்ல நான் அடியைக் குறைச்சுட்டேன், அங்க தாளத்தை அவரே வாசிச்சிட்டு இருக்கார், நான் எதுக்கு?

மூணாவது ஃபிகர்ல ஒரு தப்பு நடந்துச்சு. ட்யூன் மாறினப்ப ஜி-ன்னு நினைச்சுப் போட்டுட்டேன், அது ஏ. அரை பார்தான், உடனே தந்தி மேல உள்ளங்கையை வச்சு அமுக்கிட்டுச் சும்மா தட்டிட்டு இருந்தேன், பெரியவர் திரும்பிப் பாக்கல, ஆடறவங்க யாருக்கும் தடுக்கல. எட்டு பார் அப்படியே கேட்டுட்டு, மெட்டு எங்க இருக்குன்னு தெரிஞ்சப்புறம் உள்ள வந்தேன்.

அடுத்த செட்டுக்கு நடுவுல, அதாவது ஒரு ட்யூனோட மூணாவது சுத்து முடியப் போகும்போது, பெரியவர் கான்சர்டினாவை விட்டுக் கண்ணை எடுக்காமலே என் பக்கம் லேசா தலையைச் சாச்சு "ஈ"ன்னார். அவ்வளவுதான், ஒரே எழுத்து. எனக்குக் கேப்போவை நகத்த ரெண்டு பார் நேரம் இருந்துச்சு. ட்யூன் மாறினப்ப ஈ-யோட நான் அங்க இருந்தேன். டோரியன்தான். சி கார்ட் போடல.

ராத்திரி ஒண்ணரை மணி வரைக்கும் போச்சு. யாரும் கை தட்டல, ஒரு செட் முடிஞ்சா அவங்கவங்க டீ எடுத்துக்கறாங்க, வேர்வையைத் துடைக்கறாங்க, மாடு கன்னு போட்ட கதை பேசறாங்க. எனக்கு ஒரு பிளேட்டுல டார்ட் வந்துச்சு, கேக்காமலே மேல க்ரீம் ஊத்தி.

ஜூலை 11, வியாழன்: திரும்பி

நாளைக்கு ஷிஃப்ட் இருக்கு, கிளம்பித்தான் ஆகணும். வீட்டுக்காரம்மாவுக்கு மீதி ஊறுகாய் பாட்டிலைக் குடுத்துட்டேன். அவங்க ஒரு பிரவுன் ப்ரெட்டைத் துணில சுத்திக் குடுத்தாங்க, துணியை அடுத்த வருஷம் திருப்பிக் குடுன்னாங்க. இந்தத் தடவை பஸ் சொன்ன நேரத்துக்கு வந்துச்சு. வெயில் வேற, போற அன்னிக்குப் பாத்து.

நேத்து ராத்திரி ஃபோனை ஜன்னல் திண்டுல வச்சு ரெக்கார்டு பண்ணியிருந்தேன், ட்ரெயின்ல அதைக் கேட்டுட்டு வந்தேன். ஷூ சத்தம்தான் மொதல்ல கேக்குது, அப்பறம் கான்சர்டினா, பிடில். கிட்டார் ரொம்ப அடியில, தெரிஞ்சவங்களுக்குத்தான் தெரியும். ஒரு எடத்துல, ட்யூன் திரும்பறதுக்கு முன்னாடி கடைசி பார்ல, நான் நிறுத்திட்டேன், அந்த ஒரு பாருக்குக் கால் மட்டும் கல் மேல, அப்பறம் எல்லாரும் சேந்து ஈ-ல எறங்கறாங்க, யாரோ "ஹப்!"னு கத்தறாங்க. நீலச் சட்டைக்காரர்தான்னு நினைக்கறேன். லிமெரிக் வர்ற வரைக்கும் அந்த எடத்தையே திருப்பித் திருப்பிப் போட்டுக் கேட்டேன். லிமெரிக்ல எறங்கி டீ வாங்கினேன், 3.20 யூரோ, ரெண்டாவது கப் ஊத்தல.